தந்தி வராவிட்டால் நலம்

1998 பெப்ரவரி 12, வியாழக்கிழமை. எழுந்தது 4.50. சுவர்க் கடிகாரத்துக்குச் சாவி கொடுத்தது 4.55. மழை இல்லை, வாவிப் பக்கக் காற்று. குளித்துத் திருநீறு பூசியது 5.20. தேநீர் 5.40. மனைவியின் நாடி 6.00.

அன்றைய நாட்குறிப்பு இப்படித்தான் தொடங்குகிறது. பெரியகல்லாற்றில் நான் உப தபால் அதிபராக இருந்த வருடங்களில் என் காலைகள் எல்லாம் ஏறத்தாழ இதே வரிசையில்தான் போயின. எழுந்ததும் முதல் வேலை கடிகாரத்துக்குச் சாவி கொடுப்பது. நேரம் தவறினால் அதற்குப் பிறகு எழுதும் எதையும் நம்ப முடியாது என்று நினைப்பவன் நான். நாடி பார்ப்பது மட்டும் தினமும் இல்லை, மாதத்தில் ஒரு நாள், பன்னிரண்டாம் திகதி.

என் மனைவியின் இடது காறை எலும்புக்குக் கீழே, தோலுக்கடியில், தீப்பெட்டியை விடக் கொஞ்சம் அகலமான ஒரு பேஸ்மேக்கர் இருந்தது. அவளுடைய இதயம் தன்பாட்டில் அடிக்கும் வேகம் உயிர் தாங்கப் போதாது. மிச்சத்தை அந்தக் கருவி அடித்துக் கொடுத்தது. 1990 ஜனவரியில் கொழும்பில் வைத்தார்கள். உள்ளே இருப்பது ஒரு பற்றரி. பத்து வருடம் வரும் என்றார்கள். அது தீருவதற்கு முன் கருவியையே எடுத்துவிட்டுப் புதியதை வைக்க வேண்டும். தீரும் காலத்தைக் கண்டுபிடிக்க ஆறு மாதத்துக்கொரு முறை கொழும்புக்குப் போய் ஒரு இயந்திரத்தின் முன் படுக்க வேண்டும். முதல் முறை போக வேண்டிய மாதம் வருவதற்குள் சண்டை மீண்டும் தொடங்கிவிட்டது.

அந்த வருடம் நவம்பரில்தான் எங்களால் போக முடிந்தது. கருவியை இறக்குமதி செய்த நிறுவனத்தில் ஒரு பொறியியலாளர் இருந்தார். முப்பது வயதுக்குள் இருக்கும், கண்ணாடி போட்டவர், அவசரமில்லாமல் பேசுவார். மட்டக்களப்பிலிருந்து ஆறு மாதத்துக்கொரு முறை வர முடியாது என்று நான் சொன்னதும், மேசை லாச்சியிலிருந்து ஒரு வளையக் காந்தத்தை எடுத்து என் கையில் வைத்தார். இதைக் கருவிக்கு நேரே தோலின் மேல் வைத்தால் இதயம் நிமிடத்துக்குச் சரியாக நூறு அடிக்கும். பற்றரி குறையக் குறைய அந்த நூறும் குறையும். தொண்ணூறுக்கு வந்தால் மாற்ற வேண்டும். மாதம் ஒரு முறை எண்ணி எனக்கு எழுதுங்கள், நான் பார்த்துக்கொள்கிறேன் என்றார். நான் என்ன வேலை செய்கிறேன் என்று கேட்டார். சொன்னேன். சிரித்தார்.

“அப்ப உங்களுக்குச் சுலபம். ஏதாவது பிழையெண்டா நான் தந்தி அடிப்பன். தந்தி வராவிட்டால் நலம்.”

அந்தக் கடைசி வசனத்தை அன்றைய நாட்குறிப்பில் அப்படியே எழுதியிருக்கிறேன், அடிக்கோடும் போட்டிருக்கிறேன்.

அதிலிருந்து ஒவ்வொரு பன்னிரண்டாம் திகதியும் காலை ஆறு மணிக்கு அவள் கட்டிலில் சாய்ந்திருப்பாள். நான் காந்தத்தை வைத்து, இரண்டு விரலால் மணிக்கட்டைப் பிடித்து, ஒரு முழு நிமிடம் எண்ணுவேன். பிறகு காந்தத்தை எடுத்துவிட்டு இன்னொரு நிமிடம். இரண்டு எண்ணையும் பொறியியலாளர் தந்துவிட்ட படிவத்தில் கார்பன் வைத்து இரண்டு பிரதியாக எழுதி, ஒன்றை என் பையிலேயே இருக்கும் கடிதக் கோவையில் போட்டு, மற்றதைப் பதிவுத் தபாலில் அனுப்புவேன். சும்மா பதிவுத் தபால் அல்ல. கடிதத்தோடு ஒரு அட்டையும் போகும். பெற்றுக்கொண்டவர் அதில் ஒப்பமிட்டுத் திருப்பி அனுப்ப வேண்டும். பத்து, பன்னிரண்டு நாளில் அந்த அட்டை என் தபால் கந்தோருக்கே வந்துவிடும். அதைக் கோவையில் கடிதப் பிரதியின் பின்னால் குத்தி வைப்பேன்.

இந்த வேலையில் நீண்ட நாள் இருந்தவர்களுக்கு ஒரு பழக்கம் உண்டு. அட்டையில் ஒப்பம் வந்துவிட்டால் விஷயம் முடிந்தது. கடிதம் காணாமல் போனது என்று எத்தனை பேர் வந்து சண்டை பிடித்தாலும், அந்த ஒப்பத்தைக் காட்டினால் வாய் திறக்க மாட்டார்கள். ஒப்பம் என்றால் கிடைத்தது. கிடைத்தது என்றால் ஒருவர் அதை வாசித்தார். இரண்டாவது பாதியை எந்தச் சட்டப் புத்தகமும் எனக்குச் சொல்லித் தரவில்லை. நானாகவே சேர்த்துக்கொண்டேன்.

முதல் நாலரை வருடம் அந்தப் பொறியியலாளர் அட்டையின் ஓரத்தில் பென்சிலால் ‘சரி’ என்று எழுதி அனுப்புவார். ஒரு முறை, ‘மனைவிக்கு வணக்கம்’ என்றும் எழுதியிருந்தார். அவளிடம் காட்டினேன். “என்ர நெஞ்சுக்குள்ள இரிக்கிற சாமான் கொழும்பில ஒருத்தரோட கடிதம் எழுதுது,” என்று பக்கத்து வளவிலிருந்த தங்கையிடம் சொல்லிச் சிரித்தாள்.

அந்தச் சாமானால் சிரிப்பதற்கு இன்னும் கொஞ்சம் கிடைத்தது. அவளுக்குச் சீதனமாக வந்த வயல் வாவிக்கு அக்கரையில், படுவான்கரைப் பக்கம் ஒரு வயல் வட்டையில் இருந்தது. அறுவடை காலத்தில் பட்டிருப்புப் பாலத்தைக் கடந்து போக வேண்டும். அக்கரை இயக்கத்தின் கையில் இருந்ததால், பாலத்துச் சோதனைச் சாவடியில் அங்கே கொண்டுபோகக் கூடாத பொருள்களின் பட்டியல் ஒன்று தொங்கியது. பற்றரி அதில் மேலேயே இருந்தது. டோர்ச்சுக்குப் போடும் இரண்டு பற்றரி கூட விடமாட்டார்கள். பரிசோதிக்கும் கருவி அவள் தோளருகே கத்தியதும் ஒரு பெண் பொலிஸ் அவளைத் தனியே கூட்டிப்போனார். அவள் ஆஸ்பத்திரி தந்த அடையாள அட்டையை நீட்டி, நெஞ்சைத் தொட்டு, உள்ளே இருப்பது பற்றரிதான் என்று மறைக்காமல் சொல்லிவிட்டாள். மேலதிகாரியைக் கூப்பிட்டார்கள். அவர் அட்டையை முன்னும் பின்னும் பார்த்து, பட்டியலைப் பார்த்து, கடைசியில் போகும்போது இருக்கிற பற்றரி வரும்போதும் இருக்க வேண்டும் என்று சொல்லி விட்டார். மாலையில் திரும்பும்போது அவள் தானாகவே அவர் முன்னால் போய் நின்று நெஞ்சைத் தட்டிக் காட்டினாள். கூட வந்த பெண்கள் அதை வருடக்கணக்காகச் சொன்னார்கள்.

1995 மே 24ஆம் திகதிக் குறிப்பில் ஒரு வரி இருக்கிறது: ‘அட்டையில் ஒப்பம் மாறியுள்ளது. பென்சில் எழுத்து இல்லை. புதியவர் போலும்.’ ஒப்பங்களை ஒப்பிட்டுப் பார்ப்பது என் தொழில். சேமிப்புப் புத்தகத்தில் ஒரு சுழி மாறினாலும் பணம் கொடுக்க மாட்டேன். இங்கே சுழி மட்டுமல்ல, ஒப்பமே முழுவதாக மாறியிருந்தது. கண்டேன், திகதியோடு எழுதினேன், அட்டையைக் கோவையில் குத்தினேன். தந்தி வரவில்லை. அடுத்த மாதமும் அதே புதிய ஒப்பம். அதற்கடுத்த மாதமும்.

இனி அந்த வியாழக்கிழமைக்கு வருகிறேன்.

காலை ஆறு மணிக்குக் காந்தத்தை வைத்து எண்ணினேன். தொண்ணூற்று நான்கு. நம்பாமல் மறுபடியும் எண்ணினேன், அதேதான். ஜனவரியில் தொண்ணூற்றெட்டு இருந்தது. ஏழு வருடத்தில் இரண்டு குறைந்த எண் ஒரே மாதத்தில் நான்கு குறைந்திருந்தது. அதை அவளுக்குச் சொன்னேன். தொண்ணூறு வரைக்கும் இன்னும் நான்கு இருக்கிறது, பயப்பட ஒன்றுமில்லை என்றும் சொன்னேன்.

அவள் எழுந்து கூந்தலை முடிந்தாள். முடிந்துகொண்டே, நேற்றும் குசினியில் தலை சுற்றியது என்றாள். அம்மியைப் பிடித்துக்கொண்டு கொஞ்ச நேரம் நின்றாளாம். இது முதல் முறை அல்ல. பொங்கலுக்கு அடுத்த வாரம் ஒரு தடவை சொன்னாள். கோவையை எடுத்துப் பார்த்து, தொண்ணூற்றெட்டு இருக்கிறது, கருவி நன்றாக ஓடுகிறது, வெயிலாக இருக்கும் என்றேன். மாதக் கடைசியில், களத்தில் நெல் தூற்றிக்கொண்டிருந்தவள் சாக்கின் மேல் விழுந்து விட்டாள் என்று அவள் தங்கை வந்து சொன்னாள். அன்றும் கோவையைத்தான் எடுத்தேன். அன்று அவள் சொன்னதை எழுதி வைத்திருக்கிறேன்:

“உங்கட கொப்பிக்குத் தலை சுத்தேல்ல மச்சான். எனக்குத்தான் சுத்துது.”

பன்னிரண்டாம் திகதி காலை அவள் அப்படி எதுவும் சொல்லவில்லை. தலை சுற்றியது என்பதை மட்டும் சொல்லிவிட்டுப் பிட்டு அவிக்கப் போய்விட்டாள். நான் கடிதத்தை எழுதினேன். எண்பத்தெட்டாவது கடிதம். ‘நான்கு குறைந்துள்ளது; தங்கள் ஆலோசனையை எதிர்பார்க்கிறேன்’ என்று வழக்கத்துக்கு மேலதிகமாக ஒரு வரி சேர்த்தேன்.

7.45க்குக் கந்தோரைத் திறந்தேன். முத்திரையில் திகதி எழுத்துகளை மாற்றிப் பதிவேட்டில் ஒரு முறை குத்தினேன். 9.10க்கு மட்டக்களப்பு பஸ்ஸில் தபால் பை வந்தது. பையை அவிழ்த்துக் கொட்டியபோது பதிவுத் தபால்களுக்குள் என் கையெழுத்திலேயே ஒரு கடிதம் கிடந்தது. ஜனவரி மாதக் கடிதம், அட்டை ஏன் இன்னும் வரவில்லை என்று நான் இரண்டு வாரமாகப் பார்த்துக்கொண்டிருந்தது. திறக்கப்படவில்லை. உறையின் மேல் கொழும்புத் தபால்காரர் ஒருவர் ஆங்கிலத்தில் எழுதியிருந்தார்: இந்த விலாசத்தில் அப்படியொரு பிரிவு இல்லை, ஏற்க மறுத்தார்கள், திருப்புக.

திரும்பி வரும் கடிதங்களை நான் தினமும் பார்ப்பவன். ஆள் செத்துப் போனது, வீடு மாறியது, நாட்டை விட்டுப் போனது எல்லாம் உறையின் மேல் ஒரு வரியில் எழுதி வரும். அனுப்பியவரைக் கூப்பிட்டுக் கொடுத்து, பதிவேட்டில் ஒப்பம் வாங்க வேண்டும். நானே எழுதிய கடிதத்தை நானே வாங்கினேன். பதிவேட்டில் ஒப்பமிட்டேன், அதுதான் முறை.

டிசம்பர் வரைக்கும் ஒப்பமிட்டு வாங்கியவர்கள் ஜனவரியில் அப்படியொரு பிரிவே இல்லை என்கிறார்கள். அப்படியானால் முப்பத்திரண்டு மாதம் ஒப்பமிட்டது யார்? கோவையை எடுத்து அந்த அட்டைகளை வரிசையாக மேசையில் பரப்பினேன். எல்லாம் ஒரே ஒப்பம். நல்ல வெளிச்சத்தில் பார்த்தபோது அது அலுவலகத்தில் எழுதிப் பழகிய கையின் ஒப்பம் அல்ல என்று தெரிந்தது. எழுத்து எழுத்தாக, அழுத்தி, ஒவ்வொரு மாதமும் அதே கவனத்தோடு வரைந்த பெயர். இதை 1995இலேயே பார்த்திருக்கலாம்.

பகல் இடைவேளைக்குக் கந்தோரைப் பூட்டிவிட்டு கல்முனைக்குப் பஸ் ஏறினேன். அங்கே ஒரு கொமினிகேஷன் கடையில் கொழும்புக்கு எடுக்கலாம். வரிசையில் எனக்கு முன்னால் நாலு பேர். வெளிநாட்டிலிருக்கும் பிள்ளைகளோடு பேச வந்தவர்கள். 12.50க்கு என் முறை வந்தது.

தொலைபேசியை எடுத்தது ஒரு பெண். குரல் இளம் குரல். தமிழ் தெரிந்தவள், கொழும்புத் தமிழ். தண்ணீர்ப் பம்பா, மின்விசிறியா என்று கேட்டாள். பேஸ்மேக்கர் பிரிவு வேண்டும் என்றேன். அப்படி ஒன்று இங்கே இல்லை என்றாள். முன்னர் இருந்ததாம், தான் சேர்வதற்கு முதலே, தொண்ணூற்றைந்தில் மூடிவிட்டார்களாம். முதலாளி அதேயாள்தான், இப்போது பம்பும் மின்விசிறியும் விற்கிறார். பொறியியலாளரைக் கேட்டேன். அவர் அந்த வருடமே வெளிநாடு போய்விட்டார்.

அப்படியானால் என் கடிதங்களுக்கு ஒப்பமிட்டவர் யார் என்று கேட்டேன். நீங்களா அந்தக் கல்லாற்றுக் கடிதக்காரர் என்றாள். வாசலில் இருந்த வயதான காவலாளிதான் ஒப்பமிட்டு வாங்குவாராம். வருகிற தபாலையெல்லாம் வாங்கி வை என்று எப்போதோ சொல்லியிருந்தார்களாம். நிறுத்தச் சொல்ல யாருக்கும் தோன்றவில்லை. பிறத்தியார் கடிதத்தைத் திறக்கக் கூடாதென்று ஒன்றையும் திறக்காமல் ஒரு பிஸ்கட் டின்னுக்குள் அடுக்கி வைத்திருந்தாராம். கிறிஸ்மஸோடு அவர் வேலையை விட்டு ஊருக்குப் போய்விட்டார். புதிதாக வந்தவர் ஜனவரிக் கடிதத்தை வாங்க மறுத்துவிட்டார். டின் படிக்கட்டுக்குக் கீழே இன்னும் இருக்கிறது. அனுப்பி விடவா என்று கேட்டாள்.

அந்தக் காவலாளியின் மேல் எனக்கு அன்றும் கோபம் வரவில்லை, இன்றும் இல்லை. நான் செய்யச் சொல்லியிருக்கக் கூடியதை எல்லாம் அவர் செய்திருந்தார்.

மூடியபோது நோயாளிகளுக்கு யாராவது அறிவித்தார்களா, ஏதாவது கோப்பு இருக்கிறதா என்று கேட்டேன். அவளுக்கு அந்த வேலை இல்லை. மாட்டேன் என்று சொல்லியிருக்கலாம். அலுமாரியைத் திறக்கும் சத்தம் கேட்டது. கண்ணாடிக் கூண்டுக்கு வெளியே நின்றவர் கைக்கடிகாரத்தை எனக்குக் காட்டினார். நான் தலையை மறுபக்கம் திருப்பிக்கொண்டேன்.

திரும்பி வந்து, ஒரு பட்டியல் இருக்கிறது என்றாள். கருவியைச் செய்த வெளிநாட்டுக் கம்பெனி ஒரு அறிவித்தல் அனுப்பியிருக்கிறது. இந்த வகைக் கருவியைப் பற்றி நோயாளிகள் எல்லோருக்கும் சொல்ல வேண்டும் என்று. யார் யாருக்குச் சொன்னார்கள் என்ற பட்டியல் அது. கொழும்பு, கண்டி, காலி என்று வாசித்துக்கொண்டே போனாள். எல்லாவற்றுக்கும் எதிரில் ‘அறிவிக்கப்பட்டது’. என் மனைவியின் பெயர் வந்ததும் குரல் தாழ்ந்தது.

“சார், உங்களுக்கு நேரா வேற மாதிரி எழுதியிருக்கு. மட்டக்களப்பு. யுத்தப் பிரதேசம். தொடர்பு கொள்ள முடியாது.”

திகதி இருக்கிறதா என்று கேட்டேன். 1995 ஜூன் 9 என்றாள்.

என் பையில் கோவை இருந்தது. அந்த வருடத்து மே மாதக் கடிதத்தின் பிரதியை எடுத்தேன். அனுப்பியது மே 12, வெள்ளி. அட்டையில் ஒப்பமிட்ட திகதி மே 16. தொடர்பு கொள்ள முடியாது என்று அவர்கள் எழுதிய நாளில் என் கடிதம் இருபத்து நான்கு நாளாக அந்தக் கட்டடத்துக்குள் இருந்தது. அதன் தலைப்பில் என் முழு விலாசமும், கந்தோரின் தந்தி விலாசமும், ஒவ்வொரு கடிதத்திலும் போலவே, தெளிவாக இருந்தன. மூன்று நாள் கழித்து, ஜூன் 12ஆம் திகதி, அடுத்ததையும் அனுப்பியிருக்கிறேன்.

இதை எப்படிச் சொல்வதென்று எனக்குத் தெரியவில்லை. 1990இல் பஸ் ஓடாத வாரங்களில் தபால் பையைச் சைக்கிளில் கட்டிக் கல்முனைக்குக் கொண்டுபோனவன் நான். வழியில் ஒரு நாள் இரண்டு மணி நேரம் வடிகாலுக்குள் பையை அணைத்துக்கொண்டு படுத்திருந்தேன். அந்தப் பையிலிருந்த கடிதங்களும் போய்ச் சேர்ந்தன. எங்கள் ஊருக்கு ரொட்டி வராத நாள் உண்டு, மண்ணெண்ணெய் வராத நாள் உண்டு, தபால் போனது. நாங்கள் கொழும்புக்கு எட்டிக்கொண்டேதான் இருந்தோம். அவர்கள்தான், ஒரு பேனாவை எடுத்து, எட்ட முடியாது என்று எழுதினார்கள். அதற்குப் பிறகு அங்கே போய்ச் சேர்ந்த முப்பத்தொரு கடிதங்களையும் யாரோ ஒருவர் வாசிப்பதைப் போலக் கற்பனை செய்துகொண்டு எழுதியிருக்கிறேன். ஒரு முறை எண்ணைக் கொஞ்சம் கோணலாக எழுதிவிட்டதற்காக முழுக் கடிதத்தையும் திருப்பி எழுதியவன்.

அறிவித்தலில் என்ன இருக்கிறது என்று அவளுக்கு விளங்கவில்லை. எல்லாம் எண்ணும் ஆங்கிலமும் என்றாள். கருவி வைத்த ஆஸ்பத்திரியின் இலக்கத்தைக் கோப்பிலிருந்து வாசித்தாள். அதற்கு எடுத்தேன். இதயப் பிரிவில் ஒரு டொக்டர் வருவதற்குப் பன்னிரண்டு நிமிடம் பிடித்தது. கருவியின் வகையைச் சொன்னேன். அவர் இடைமறித்து, அது இன்னும் உள்ளேயா இருக்கிறது என்று கேட்டார். அந்த வகையை எல்லோருக்கும் மாற்றி முடித்து இரண்டு வருடமாம். அதன் பற்றரி மெல்ல மெல்லக் குறையாது. ஒரு அளவுக்கு வந்ததும் வேகமாக விழும். காந்த எண் தொண்ணூற்றைந்துக்குக் கீழே போனால் நாள் கடத்தாமல் மாற்ற வேண்டும். தொண்ணூறு என்பது பழைய கணக்கு.

“இப்ப எத்தனை?”

சொன்னேன்.

“தலைச்சுத்து இருக்கா?”

இருக்கிறது என்றேன். எத்தனை நாளாக என்று கேட்டார். பொங்கலுக்கு அடுத்த வாரத்திலிருந்து என்றேன். நாளைக்கே புறப்பட்டு வரச் சொன்னார். கட்டில் ஒன்று வைத்திருப்பதாகச் சொன்னார். அவளைத் தனியே நடக்க விடவேண்டாம், வழியில் விழுந்தால் படுக்க வைத்துக் காலை உயர்த்துங்கள் என்றார். வேறு ஏதாவது கேட்க இருக்கிறதா என்றார். இல்லை என்றேன்.

அன்றே புறப்பட வழியில்லை. கொழும்பு பஸ் கல்முனையிலிருந்து காலையில் மட்டும், ஆறரைக்கு. கொழும்பில் இரவு தங்கவும் வழியில் சாவடிகளில் காட்டவும் கிராம சேவையாளரின் கடிதம் வேண்டும். 2.40க்கு ஊருக்குத் திரும்பி நேராக அவரிடம் போனேன். பயணக் காரணம் என்ற இடத்தில் ‘பற்றரி மாற்ற’ என்று எழுதப் பேனாவை வைத்தவர், நிறுத்தி என்னைப் பார்த்தார். “இந்தச் சொல்லோட அம்பாறைச் சந்தியைத் தாண்ட மாட்டீங்க,” என்று அடித்துவிட்டு, இதய சிகிச்சை என்று எழுதினார்.

கந்தோரை உதவியாளரிடம் ஒப்படைத்து, முத்திரை, அரக்கு, திறப்புக் கொத்து எல்லாவற்றுக்கும் ஒப்பம் வாங்கினேன். எண்பத்தெட்டாவது கடிதம் ஒட்டியபடி என் மேசையில் இருந்தது. அதைப் பதியவில்லை. சட்டைப் பைக்குள் வைத்துக்கொண்டேன்.

வீட்டுக்கு வந்தபோது அவள் முற்றத்தில் கதிரை போட்டு உட்கார்ந்து மீன் வெட்டிக்கொண்டிருந்தாள். வழக்கமாகக் குந்தியிருந்துதான் வெட்டுவாள். கதிரையைக் கண்ட பிறகுதான் எனக்குத் தெரிந்தது, அவள் சில நாளாகவே கதிரையில் இருந்துதான் எல்லா வேலையும் செய்கிறாள் என்று. என் நாட்குறிப்பில் அது இல்லை.

கையைக் கழுவச் சொல்லி, எதிரில் உட்கார்ந்து, எல்லாவற்றையும் திகதி வரிசையில் சொன்னேன். நிறுவனம் மூடியது, பொறியியலாளர் போனது, காவலாளி, பிஸ்கட் டின், பட்டியல். தொடர்பு கொள்ள முடியாது என்று எழுதியிருந்ததைச் சொன்னதும் திகதி வரிசையை விட்டுவிட்டேன். எங்களை ஏமாற்றிப் போட்டாங்கள் என்றேன். கிட்டத்தட்ட மூன்று வருடமாகச் சுவரோடு கதைத்திருக்கிறேன் என்றேன்.

அவள் முழுவதையும் கேட்டாள். காவலாளி ஒன்றையும் திறக்கவில்லை என்ற இடத்தில் இலேசாகச் சிரித்தாள். பிறகு, நாளைக்கு எத்தனை மணிக்கு பஸ் என்று கேட்டாள். சொன்னேன். எழுந்து மீன் சட்டியை எடுக்கப் போனவளை விடாமல் நான் எடுத்துக்கொண்டேன். குசினி வாசலில் நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

“அவங்கள் எனக்கு ஆர் மச்சான்? கண்டதுமில்ல, பேசினதுமில்ல. நான் தலை சுத்துது எண்டு உங்களிட்டத்தானே சொன்ன நான்.”

கோபமாகச் சொல்லவில்லை. அதற்குப் பிறகு பச்சை மிளகாய் எங்கே இருக்கிறது என்று சொன்னாள். நான் வாழ்க்கையில் முதல் தடவையாக மீன் குழம்பு வைத்தேன். அவள் கதிரையிலிருந்து உப்பு, புளி, அடுப்பு என்று சொல்லிக்கொண்டிருந்தாள். அவள் தங்கை எட்டிப் பார்த்துவிட்டு, கந்தோரில் இன்றைக்கு வேலை இல்லையோ அத்தான் என்று பகிடி விட்டாள். நாங்கள் இருவரும் சிரிக்கவில்லை என்றதும் உள்ளே வந்து, காரணம் கேட்டு, கொழும்புக்குத் தானும் வருவதாகச் சொல்லித் துணி அடுக்கப் போனாள்.

என் மனைவி பிழைத்தாள் என்பதை இங்கேயே சொல்லிவிடுகிறேன். எடுத்த கருவி இப்போது என் மேசை லாச்சியில், வளையக் காந்தத்துக்குப் பக்கத்தில் இருக்கிறது. அந்த நிறுவனத்துக்கு நான் எழுதிய கடிதங்களுக்குப் பதில் வரவில்லை. பதிவுத் தபாலில்தான் எழுதினேன். அட்டைகள் ஒப்பத்தோடு திரும்பி வந்தன.

ஆனால் பன்னிரண்டாம் திகதி மாலை இது எதுவும் தெரியாது. ஆறு மணிக்கு இன்னொரு முறை எண்ணினேன். தொண்ணூற்று இரண்டு. காலையில் எழுதிய கடிதத்தைச் சட்டைப் பையிலிருந்து எடுத்து, உறையைக் கிழித்து, அதில் நானே எழுதியிருந்ததை வாசித்தேன். ‘காந்தத்துடன் 94. காந்தமின்றி 70. நான்கு குறைந்துள்ளது, தங்கள் ஆலோசனையை எதிர்பார்க்கிறேன்.’ எண்கள் சரியாக இருந்தன. தலை சுற்றியது பற்றி ஒரு சொல்லும் இல்லை. கோவையைத் திறந்து ஜனவரிப் பிரதியைப் பார்த்தேன். அது பொங்கலுக்கு முன் எழுதியது, இருக்க நியாயமில்லை. அதற்கு முந்தியவற்றைப் பார்த்தேன். ஏழு வருடத்துக் கடிதங்களில் ஒன்றிலாவது அவளுக்கு எப்படி இருக்கிறது என்ற கேள்வியோ பதிலோ இல்லை. படிவத்தில் அதற்கு இடம் இருக்கவில்லை. அந்தப் படிவம் தீர்ந்து மூன்றாம் வருடத்திலிருந்து கையால் கோடு போட்டுக்கொண்டவன் நான்தான். ஒரு கோடு கூடப் போட்டிருக்கலாம்.

அன்றைய நாட்குறிப்பின் கடைசி வரி: ‘படுத்தது 8.30. பை தயார்.’

பெப்ரவரி 13, வெள்ளிக்கிழமை. எழுந்தது 4.15. சுவர்க் கடிகாரத்தைத் தாண்டிப் போய், அவள் கட்டிலருகே குந்தியிருந்து, மணிக்கட்டைப் பிடிக்காமல் கேட்டேன். அவள் விழித்துத்தான் கிடந்தாள்.

“இப்ப எப்பிடி இரிக்கு புள்ள?”

கொஞ்சம் யோசித்துத்தான் பதில் சொன்னாள். படுத்திருக்கும்போது இல்லை, எழும்பினால் சுற்றும் போலிருக்கிறது என்றாள். பிறகு, இரவு இரண்டு தரம் கண் இருட்டியது என்றாள். பிறகு, நெஞ்சு நின்று நின்று அடிக்கிற மாதிரி கார்த்திகையிலிருந்தே இருக்கிறது என்றாள். அவள் சொல்லி முடிக்கும் வரைக்கும் நான் அங்கேயே இருந்தேன்.